மாதிரி இன்ஜினின் இழுவைத் திறன்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காட்பாடி காந்தி நகரில் உள்ள எங்கள் வீட்டு மாடியறையில் எச்.ஓ. அளவு மாதிரி ரயில் பாதையை அமைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அளவு விகிதம் 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஜோலார்பேட்டையைக் கடந்து பெங்களூரு நோக்கி ஏறும் பாதையை மனத்தில் வைத்து, அறையின் ஒரு பக்கத்தில் 40-க்கு 1 என்ற (40 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரும்) ஏற்றத்தையும் அதன் நடுவில் ஒரு வளைவையும் அமைத்தேன். எட்டுப் பெட்டிகள் கோத்த என் மின்சார இன்ஜின் முதல் ஆறு மாதங்களில் ஒரு நாள்கூட அந்த ஏற்றத்தின் உச்சியைத் தொடவில்லை. வளைவில் நுழைந்ததும் வண்டி நின்றுவிடும். சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

மோட்டாருக்கு வலு போதவில்லை என்றே முதலில் நினைத்தேன். ஆனால் சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது என்றால் மோட்டாரிடம் வலு மிச்சம் இருக்கிறது, தண்டவாளத்தில்தான் பிடிப்பு இல்லை என்று பொருள். உலோகச் சக்கரம் உலோகத் தண்டவாளத்தில் ஓடும்போது, ஓட்டும் சக்கரங்களின் மேல் இறங்கும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் இழுவிசையாகக் கிடைக்கும். இதை அளந்து பார்க்கச் சமையலறை எலக்ட்ரானிக் தராசே போதும். தராசின் மேல் அரைக் கிலோ படிக்கல்லை வைத்து, அதில் கட்டிய நூலை ஒரு சிறு கப்பி வழியாக இன்ஜினின் கொக்கியில் மாட்டி ஓட்டினால், தராசு காட்டும் எடை எவ்வளவு குறைகிறதோ அதுவே இழுவிசை. 300 கிராம் எடையுள்ள என் இன்ஜின் 64 கிராம் இழுத்தது.

அடுத்துப் பெட்டிகளின் கணக்கைப் பார்த்தேன். ஒன்று 120 கிராம் வீதம் எட்டுப் பெட்டிகள் 960 கிராம். 40-க்கு 1 ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் அவற்றை 24 கிராம் அளவுக்குக் கீழே இழுக்கிறது. இன்ஜின் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ள இன்னொரு 7.5 கிராம் செலவாகிறது. அச்சுகளின் உராய்வை அறிய, ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு முனையை மெல்ல உயர்த்தினேன். 30 மி.மீ. உயர்த்திய பிறகே, இலேசாகத் தட்டிவிட்ட பெட்டி நிற்காமல் உருண்டது. அதாவது எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு, எட்டுப் பெட்டிகளுக்கு 29 கிராம். மூன்றையும் கூட்டினால் 60.5 கிராம், வளைவில் சக்கர விளிம்புகள் தண்டவாளத்தை உரசுவதும் சேர்ந்தால் 64 கிராம் எப்படிப் போதும்?

ஆகவே இன்ஜினைத் தொடுவதற்கு முன் பெட்டிகளைச் சரிசெய்தேன். பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு, ஊசிமுனை அச்சு கொண்ட உலோகச் சக்கரங்களைப் பொருத்தி, அச்சுக் குழிகளில் சுற்றியிருந்த தலைமுடியையும் நூலையும் களைந்தேன். அதே பலகையில் 18 மி.மீ. உயரத்திலேயே பெட்டி உருண்டது. 29 கிராம் 17 ஆகக் குறைந்தது. இந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்தவற்றில் செலவுக்கேற்ற பலனை முழுமையாகத் தந்தது இதுதான். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அதன்பின் எடை கூட்டினேன். மீன்பிடித் தூண்டிலுக்கு விற்கும் ஈயக்குண்டுகளைத் தட்டித் தகடாக்கி 70 கிராம் சேர்த்தேன். முதல் முறை, இடம் காலியாக இருந்த பின்பக்கத்திலேயே எல்லாவற்றையும் வைத்ததால் பின் போகியின் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) மேல் எடை குவிந்தது. முன் சக்கரங்கள் முன்போலவே முதலில் வழுக்கத் தொடங்கின. பிறகு தகடுகளை நடுப்பகுதியின் இருபுறமும் பிரித்து ஒட்டி, போகிகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தி, இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை காட்டும்வரை நகர்த்தினேன். இழுவிசை 80 கிராம் ஆனது. ஈயத்தைக் கையாளும்போது கையுறை அணிய வேண்டும், அரத்தால் ராவக் கூடாது, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஈயம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், சர்க்யூட் பலகையில் படாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் அவசியம்.

எடைக்கு ஓர் எல்லை உண்டு. இன்ஜினைக் கையால் பிடித்து நிறுத்தினால் சக்கரங்கள் வழுக்க வேண்டும். வழுக்காமல் மோட்டாரே நின்றுவிடும் அளவுக்கு எடை ஏற்றினால், சுருள் சூடாகிக் கருகிவிடும். மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் வைத்து, வழுக்கும் நேரத்து மின்னோட்டம் மோட்டாருக்கும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிகோடர் என்ற சிறு மின்னணுப் பலகைக்கும் உரிய வரம்புக்குள் இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

என் இரண்டாவது இன்ஜினில் இரு சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் உண்டு. எடை 280 கிராம்தான். ஆனால் புதிதாக இருந்தபோது 95 கிராம் இழுத்தது. அந்த வளையம் எங்கள் ஊர்க் கோடையைத் தாங்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மாடியறை அதைவிடக் கொதிக்கும். வளையங்கள் இறுகி வெடித்து, இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். எண்ணெய் பட்டால் அவை ஊதித் தளர்ந்துவிடுகின்றன. ரப்பர் சுற்றிய சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காது என்பதால், பாதை பிரியும் இடங்களில் மெதுவாகப் போகும்போது இன்ஜின் நின்று நின்று நகர்கிறது. வளையம் இல்லாத சக்கரத்தில் திரவ ரப்பர் பூசியும் பார்த்தேன். பத்து மாதங்களில் உரிந்துவிட்டது.

நிஜ இன்ஜின்கள் ஈரத் தண்டவாளத்தில் சக்கரத்தின் முன் மணல் தூவிக்கொள்கின்றன. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான நீலகிரி மலைப்பாதையில், ஏற்றம் 12.28-க்கு 1 வரை போவதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டமே பதித்திருக்கிறார்கள். மாதிரியில் மணல் தூவினால் பற்சக்கரங்கள் பாழாகும். இன்ஜினின் அடியில் காந்தமும் பாதையின் கீழ் இரும்புத் தகடும் வைக்கும் முறை நல்லதுதான். ஆனால் பாதையைப் பதிப்பதற்கு முன்பே அதை முடிவு செய்திருக்க வேண்டும்.

மின்தொடர்புக்காகத் தண்டவாளத்தில் கிராஃபைட் தேய்க்கும் வழக்கத்தை ஏற்றப் பகுதியில் நிறுத்திவிட்டேன், அங்கே அது பிடிப்பைக் குறைத்தது. மாதம் இருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடைப்பதோடு சரி. இப்போது எட்டுப் பெட்டிகளும் வளைவில் தயங்காமல் ஏறுகின்றன. பன்னிரண்டு பெட்டிகள் வேண்டும் என்று பேரன் கேட்கும் நாள்களில் இரண்டாவது இன்ஜினையும் முன்னால் சேர்க்கிறேன். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்படி டிகோடரில் சரிசெய்யாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்து வழுக்கும் என்பதால், இந்த மாதம் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.