ஏழு வருடமாக ஒரே பஸ்: எது சரியானது, எது இன்னும் சொதப்புகிறது

ஏழு வருடமாக ஒரே கிராமத்து வழித்தடத்தில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு முனையில் சின்ன நகரம், மறுமுனையில் மலையடிவாரம், நடுவில் எங்கள் நிறுத்தம், மொத்த வழித்தடத்துக்கும் ஒரே ஒரு பஸ். எனக்கு வண்டி ஓட்ட வராது, அதனால் இதை விட்டால் வேறு வழியில்லை.

முதல் நான்கு வருடம் படாத பாடு. லேட்டாக வந்தால்கூடப் பரவாயில்லை, பத்து நிமிடம் லேட் என்று தெரிந்தால் பத்து நிமிடம் உட்காரலாம். வருமா வராதா என்றே தெரியாமல் சாலை வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ஆளைக் கொல்லும். நகரத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும், இங்கே விட்டால் பாதி நாள் போச்சு.

அப்போது 45 நிமிட ஓட்டம், கடைசி நிறுத்தத்தில் 5 நிமிடம் நின்று திரும்ப வேண்டும், ஒரு நாளைக்கு 8 சுற்று, அதாவது போக 8, வர 8 என்று 16 நடை. தாளில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 45 நிமிடத்தில் அந்தச் சாலையை எந்த டிரைவராலும் ஓட்ட முடியாது, ஆட்கள் ஏறி இறங்கும் நேரமும் சேர்த்தால் 50 நிமிடத்துக்கு மேல் போகும். முனையில் 5 நிமிடம் மிச்சம் பிடித்தும் நடைக்கு 4 நிமிடம் கைநழுவினால், மாலை 4:50-க்கு நகரத்திலிருந்து கிளம்ப வேண்டிய பஸ் அதற்குள் 13 நடை ஓடியிருக்கும், அதாவது 52 நிமிடத் தாமதம். இதை ஈடுகட்ட ஒரு சுற்றை வெட்டுவார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் நான் வீடு திரும்பும் பஸ்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு 8 சுற்றை 7 ஆக்கினார்கள். ஊரே கொதித்தது, நானும் மனுவில் கையெழுத்துப் போட்டேன். இப்போது சொல்கிறேன், அந்தக் கையெழுத்து தப்பு. ஓட்ட நேரத்தை 50 ஆக்கி, முனையில் 10 நிமிடம் நிற்க விட்டதில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று சுற்று முழுசாக 2 மணி நேரம் ஆகிவிட்டது. காலையில் 5 நிமிடம் பிந்தினாலும் முனையில் நிற்கும் நேரத்திலேயே கரைந்துவிடும். அப்புறம் எதிர்பாராத லாபம் ஒன்று: எங்கள் நிறுத்தத்துக்கு 6:20, 8:20, 10:20 என்று எப்போதும் அதே நிமிடத்தில் வருகிறது, கால அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம். சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுக்க ரயிலை இப்படித்தான் ஒரே நிமிடக் கணக்கில் ஓடவிட்டது, பஸ்களையும் அதோடு கோத்தார்கள்.

இன்னொரு மாற்றம், பஸ் முன்கூட்டியே கிளம்புவது நின்றது. லேட்டான பஸ்ஸைக் காத்திருந்தாவது பிடிக்கலாம், 3 நிமிடம் முன்னால் போன பஸ்ஸை என்ன செய்வது? பிரிட்டனில் 5 நிமிடம் வரை பிந்தினால் சரியான நேரம் என்று கணக்கு, முந்துவதற்கோ 1 நிமிடம்தான் விடுவார்கள். எங்கள் டிரைவர் ஒருவர் சீக்கிரம் வந்துவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஓடி வருகிறவன் நானாக இருக்கும் நாளில் அவர்தான் எனக்குத் தெய்வம்.

காலை முதல் பஸ் இரவே மலையடிவாரத்தில் வந்து தங்கிவிடுகிறது, அதனால் 6 மணி நடை தவறுவதே இல்லை. முன்பு டிப்போவிலிருந்து காலியாக வர வேண்டும், ஆள் வரவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது என்று ஆயிரம் காரணம்.

பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் செயலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி. பாதி நல்லது. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் சிக்னல் கிடையாது, படத்தில் பஸ் அந்தப் பாலத்திலேயே உட்கார்ந்திருக்கும், திடீரென்று நம் முன்னால் நிஜ பஸ் நிற்கும். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். மோசமானது, ஓடாத பஸ்ஸை வருவதாகக் காட்டுவது. ஜிபிஎஸ் தகவல் வராதபோது அட்டவணை நேரத்தையே எடுத்துப் போட்டுவிடுகிறது, நடை ரத்து என்று டிப்போவில் யாராவது பதிவு செய்தால்தான் அது திரையிலிருந்து போகும். அந்த ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அதைச் செய்யாமல் செயலிக்கு மட்டும் புது நிறம் பூசுகிறார்கள்.

நகரத்தில் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க எனக்கு 8 நிமிடம்தான். எங்கள் கண்டக்டர் தாமதமானால் அந்த வண்டிக்காரருக்குப் போன் போட்டு "நாலு பேர் இருக்காங்க, கொஞ்சம் நில்லுங்க" என்பார். அவர் லீவு போட்டால் அந்த இணைப்பும் லீவு. இதையெல்லாம் ஒருவருடைய நல்ல மனசை நம்பி விட்டுவைக்கக் கூடாது, அட்டவணையிலேயே எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் பழைய கதைதான். ஆள் போதவில்லை என்றால் முதலில் வெட்டுவது இரவு 7 மணி நடையை, அதுதான் கடைசி பஸ். போன மாதம் 7:40 வரை நின்றேன், செயலி "2 நிமிடத்தில் வருகிறது" என்று காட்டிக்கொண்டே இருந்தது. தெரிந்தவர் பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்த பிறகும் அதே 2 நிமிடம்.