புது பேரல் என்று சொல்லி எரிந்த பேரலை மாட்டிக் கொடுத்தார்: போட்டி ரைஃபிள் கட்டுபவர்கள் கவனத்துக்கு

டெக்சஸில் இருக்கிறேன். நான்கு வருடங்களாக நீண்ட தூர ரைஃபிள் போட்டிகளில் சுடுகிறேன். போன வாரம் ரேஞ்சில் நம் ஊர்த் தம்பிகள் இரண்டு பேரைப் பார்த்தேன். முதல் போட்டி ரைஃபிள் கட்டப்போகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன வருடம் என் 950 டாலரும் ஒரு முழு சீசனும் போனது துப்பாக்கி கட்டித் தரும் அதே கன்ஸ்மித்திடம்தான். "அண்ணா, இதை எங்கேயாவது எழுதிப் போட்டிருந்தால் நாங்கள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோமே" என்றான் ஒருவன். சரியான கேள்வி. இப்போது எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கடையில் யார் செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

முதலில், இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) என்று சொல்லப்படும் தொடர் 2012இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. முந்நூறு கெஜத்திலிருந்து ஆயிரம் கெஜம், சில இடங்களில் அதற்கும் அப்பால் இரும்புத் தகடுகள் தொங்கும். தடுப்பு, பீப்பாய், கூரை என்று எதன் மேலாவது ரைஃபிளை வைத்து, ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் பத்து ரவுண்டு போல சுட வேண்டும். ஒருநாள் போட்டிக்கு நூறு ரவுண்டு வரை ஆகும், பயிற்சி தனி. ஒழுங்காகச் சுடுபவருக்கு வருடம் இரண்டாயிரம் ரவுண்டு சாதாரணம். அதனால் பேரல், அதாவது குண்டு பாயும் குழாய், கார் டயர் மாதிரி, தேய்ந்து தீரும் பொருள். எத்தனை ரவுண்டு ஓடியிருக்கிறது என்பதுதான் அதன் விலை.

எந்தத் தோட்டா என்பதும் இதே கணக்குதான். சின்னத் துளை வழியே நிறைய மருந்து எரிந்தால் பேரலின் தொண்டை, அதாவது தோட்டா உட்காரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழற்றும் மரை ஆரம்பிக்கும் இடம், சீக்கிரம் கருகும். 308 வின்செஸ்டர் ஐயாயிரம் ரவுண்டு தாண்டியும் உழைக்கும், ஆனால் உதை அதிகம், காற்றும் அதிகம் தள்ளும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் வரை தாங்கும் என்பது சுடுபவர்களின் அனுபவக் கணக்கு. அதே கூட்டின் (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறை) வாயை 6 மில்லிமீட்டருக்குக் குறுக்கிய 6 கிரீட்மோர், ஆயிரத்து ஐந்நூறை ஒட்டியே தளர ஆரம்பிக்கும். நான் எடுத்தது 6 டாஷர். 6 பிஆர் என்ற தோட்டாவின் கூட்டுத் தோளை முன்னே தள்ளி, நாற்பது டிகிரிக்குச் சாய்த்து உருவாக்கியது. 6 கிரீட்மோரைவிட மருந்து எட்டு பத்து கிரெயின் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் அளவு) குறைவாகப் பிடிக்கும், உதை மெல்லியது, குண்டு எங்கே விழுந்தது என்று ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். பேரலும் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கும். இன்றும் அந்தத் தேர்வு சரி என்றுதான் சொல்வேன்.

ஆர்டரைக் குறுஞ்செய்தியில் தெளிவாக எழுதினேன். புது பேரல், 26 அங்குலம், மரையின் முறுக்கு ஏழரை அங்குலத்துக்கு ஒரு சுற்று, சேம்பரின் கழுத்து, அதாவது கூடு குண்டைப் பிடிக்கும் பகுதி உட்காரும் இடம், 0.272 அங்குலம். அந்தக் கடைசி எண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் கூடுகளை அப்படியே பயன்படுத்த வேண்டும், ஒவ்வொரு கூட்டின் கழுத்தையும் சீவிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை என்றும் எழுதினேன். அவர் ஓகே என்று பதில் போட்டார். பாதிப் பணம் கார்டில், பாதி ரொக்கமாகக் கொடுத்தேன். ரொக்கம் கொடுத்தது தப்பு.

ஐந்து மாதம் கழித்து ரைஃபிள் வந்தது. கூடவே, "உனக்காகத் தயார் செய்தேன்" என்று நூறு கூடுகளும் கொடுத்தார். அந்த அன்பளிப்பு எதற்கு என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அந்தக் கூடுகளில் நானே மருந்து ஏற்றிச் சுட்டேன். நூறு கெஜத்தில் ஐந்து ரவுண்டும் அரை அங்குலத்துக்குள் விழுந்தன. சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. புது பேரல் முதல் நூறு, நூற்றைம்பது ரவுண்டுக்குள் பெரும்பாலும் வேகம் ஏறும். நொடிக்கு முப்பது நாற்பது அடியாவது கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் அதுவரை இறுதி லோடை, அதாவது மருந்தின் சரியான அளவை, தேட மாட்டார்கள். என் ரேடார் கருவியில் முதல் பத்து ரவுண்டின் சராசரி 2,812. நூற்றைம்பதாவது ரவுண்டை ஒட்டி எடுத்த சராசரி 2,809. ஏறவே இல்லை. அன்று அதை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன், "பேரல் நிலையாக இருக்கிறது" என்று.

இரண்டு வாரத்தில் குழுக்கள், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் இடங்கள், விரிய ஆரம்பித்தன. சுத்தம் செய்தால் துணியில் குண்டின் தாமிரம் நீலநீலமாக வந்துகொண்டே இருந்தது. மாதப் போட்டி நெருங்கியதால் நூறு கூடு போதாது என்று கடையிலிருந்து புதுக் கூடுகள் வாங்கி லோடு செய்தேன். போட்டியன்று காலை, ஸ்கோப்பைச் சரிபார்க்கும் இடத்தில் முதல் தோட்டாவைத் தள்ளினேன். தோட்டாவை உள்ளே அடைக்கும் போல்ட்டின் கைப்பிடி பாதி இறங்கி நின்றது. கொஞ்சம் அழுத்தினேன். அசைந்தது, ஆனால் மாவில் இறங்குவது போல இறங்கியது.

பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயதுக்கு மேல், வாழ்நாள் முழுக்க லேத் வேலை பார்த்தவர். "கையை எடுங்கள், அதைச் சுட வேண்டாம்" என்றார். தோட்டாவை வெளியே எடுத்து, தன் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். என் தோட்டாவின் கழுத்து 0.270. பிறகு கன்ஸ்மித் கொடுத்த கூடுகளில் சுட்டு முடித்த ஒன்றைக் கேட்டு வாங்கி அளந்தார். 0.267. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, "சுட்டு விரிந்த கூட்டைவிடச் சுடாத தோட்டா தடிமனாக இருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார்.

எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. சுடும்போது கழுத்து விரிந்துதான் குண்டை விடும். அதற்கு சேம்பரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அங்குலமாவது இடம் வேண்டும். இடமே இல்லாவிட்டால் கூடு குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். போல்ட்டுக்கு ஆறு அங்குலம் பின்னால் என் முகம் இருந்தது. நான் கேட்ட 0.272க்குப் பதில் அவர் போட்டிருந்தது 0.268 கழுத்து. கூடுகளைச் சீவிச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் வைத்துச் சுடும் போட்டி) ஆட்கள் கேட்கும் ரீமர், அதாவது சேம்பர் வெட்டும் கருவி, அது. அவரிடம் அதுதான் இருந்திருக்கிறது. புது ரீமர் வாங்கும் செலவை மிச்சப்படுத்தி, கழுத்தைச் சீவிய நூறு கூடுகளைக் கொடுத்து மூடிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் போனதைக்கூட நான் மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன்.

நல்ல கன்ஸ்மித்கள் பேரலின் மேல் தோட்டாவின் பெயரோடு கழுத்து அளவையும் பொறிப்பார்கள். என்னுடையதில் "6 டாஷர்" என்று மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெரியவர் அன்றே போர்ஸ்கோப்பையும் விட்டுப் பார்த்தார். மெல்லிய கம்பி நுனியில் கேமரா, போனில் படம் தெரியும். ஐம்பது அறுபது டாலருக்கே கிடைக்கிறது. சேம்பர் பளபளவென்று இருந்தது. தொண்டையும் புதிதாக வெட்டியது போல இருந்தது. கேமரா இன்னும் அரை அங்குலம் முன்னே போனதும் திரை முழுக்க வெடிப்பு. தண்ணீர் வற்றிய ஏரித் தரை சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்குமே, அப்படியே. மரையின் மேடுகள் ஓரம் மழுங்கி, சாம்பல் நிறத்தில் இருந்தன. மூன்று நான்கு அங்குலம் போன பிறகுதான் உலோகம் சுத்தமாகத் தெரிந்தது. இருநூறு ரவுண்டு ஓடிய டாஷரில் இப்படி இருக்கவே முடியாது.

யாரோ சுட்டுத் தீர்த்த நீளமான பேரலை வாங்கி, பின்புறம் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டித் தள்ளி, புதிதாக சேம்பர் போட்டு, முன்புறத்தையும் 26 அங்குலத்துக்குக் குறைத்திருக்கிறார். இப்படிப் பின்புறம் வெட்டி மறுபடி சேம்பர் போடுவது தொழிலில் உள்ள வேலைதான். சொல்லிவிட்டுச் செய்தால், அதற்கேற்ற விலை வாங்கினால், தப்பே இல்லை. புதிது என்று சொல்லி விற்றது மோசடி. வீட்டுக்கு வந்து பேரல் வடிவத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். பின்பக்கம் நேர் உருளையாக இருக்க வேண்டிய பகுதி அந்த அளவுக்கே குட்டையாக இருந்தது. அது தெரிந்திருந்தால் ஒரு டேப்பை வைத்தே முதல் நாள் கண்டுபிடித்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி பேரல் மாட்டும் உடல் பகுதியான ரிசீவர்தான் துப்பாக்கி. பேரல் வெறும் உதிரி பாகம். வரிசை எண் கட்டாயமில்லை, பதிவேடு இல்லை, தபாலிலேயே வீட்டுக்கு வரும். அதனால் ஒரு பேரல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்கள் கேட்டு வாங்கினால்தான் காகிதம் இருக்கும். தயாரிப்பாளரின் பில்லைக் கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் பேரலின் முனையில் துளை அளவையும் முறுக்கையும் குத்தி அனுப்புவார்கள். வேலையில் அந்த முனை வெட்டுப்படும். அந்தத் துண்டு எனக்கு வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். ரீமரின் வரைபடத்தையும் கேளுங்கள், கழுத்து அளவு அதில் இருக்கும். நேர்மையானவர் இரண்டையும் கேள்வி கேட்காமல் கொடுப்பார். என் புது கன்ஸ்மித் நான் வாயைத் திறக்கும் முன்பே கொடுத்தார். ரைஃபிள் கையில் வந்ததும், மீதிப் பணம் கொடுக்கும் முன், போர்ஸ்கோப்பை விட்டுப் பாருங்கள். அவர் கடையிலேயே, அவர் முன்னாலேயே.

தம்பிகளில் ஒருவனுக்கு அதே கன்ஸ்மித், "243 வின்செஸ்டர் பேரல் ஒன்று தயாராக இருக்கிறது, விலை குறைத்துத் தருகிறேன்" என்றாராம். முறுக்கு என்ன என்று கேட்கச் சொன்னேன். பத்து அங்குலத்துக்கு ஒன்று. வேட்டைக்கு எண்பது, நூறு கிரெயின் குண்டு சுட அது போதும். நம் போட்டியில் சுடும் 105, 109 கிரெயின் குண்டுகள் நீளமானவை. அந்த முறுக்கில் அவை நிலையாகச் சுழலாது, காகிதத்தில் பக்கவாட்டாகப் பட்டுச் சாவித் துவாரம் போல ஓட்டை போடும். அவன் 109 கிரெயின் குண்டு சுடப்போவதாகச் சொன்ன பிறகும் அதை விற்கப் பார்த்திருக்கிறார்.

எச்1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் ஆசைப்பட்டு அவசரப்படாதீர்கள். குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். வக்கீலைக் கேட்காமல் எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

கன்ஸ்மித்திடம் போனேன். முதலில், "நீ தப்பான கூடு வாங்கினால் நான் என்ன செய்வது?" என்றார். குறுஞ்செய்தியைக் காட்டினேன். அப்புறம், "நன்றாகத்தானே சுட்டது?" என்றார். போர்ஸ்கோப் படங்களைக் காட்டியதும் 150 டாலர் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. கார்டில் கட்டிய 475 டாலரை வங்கி திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்தக் குறுஞ்செய்தியும் படங்களும்தான் காப்பாற்றின. ரொக்கமாகக் கொடுத்த பாதிக்குச் சிறு வழக்கு போட்டிருக்கிறேன். டெக்சஸில் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை இப்படிக் கேட்கலாம். அந்தப் பேரல் கேரேஜில் துணி சுற்றி, தேதி எழுதி இருக்கிறது.

தம்பிகள் இருவரும் முன்பணம் கொடுக்கவில்லை. ஒருவன் 6.5 கிரீட்மோரில் தொடங்குகிறான். எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும், லோடு செய்யப் பழகும் வரை அதுதான் அவனுக்குச் சரி. நான் மறுபடி டாஷரேதான் போட்டேன், 0.272 கழுத்து, பேரல் மேலேயே பொறித்திருக்கிறது. முதல் நாள் சராசரி 2,786. நேற்று நூற்று இருபது ரவுண்டு முடிந்தது. 2,829 காட்டியது.