மின்சார ஸ்கூட்டரில் 27,400 கிலோமீட்டர்

2022 ஜூனில் வாங்கிய வண்டி. சென்னை மேடவாக்கத்திலிருந்து கிண்டி அலுவலகத்துக்குப் போக வர 28 கிலோமீட்டர். மூன்றேகால் வருடம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் வாங்கிய புதிதில் எழுதுவதெல்லாம் சந்தோஷத்தில் எழுதுவது.

எல்லாரும் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். புதிதில் முழு சார்ஜுக்கு 85 கிலோமீட்டர் வந்தது, இப்போது 75 வருகிறது. கூடுமானவரை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை, தினமும் 100 வரை ஏற்றுவதும் இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியை ஓட்டி வந்து நிறுத்தியதுமே பிளக்கைச் செருகினால் சார்ஜ் ஏறாது. பேட்டரி ஆறின பிறகுதான் ஏறும். இரவு சாப்பாடு முடிந்து கீழே போய்ச் செருகுவது பழக்கமாகிவிட்டது.

ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் மூன்றரை யூனிட். இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட் வரை கூடுகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறிவிடும். ஏசி ஓடும் மே மாதத்தில் எங்கள் வீடு அப்படித்தான் தாண்டியது. ஆனாலும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் இதுவரை பத்தாயிரம் ரூபாய்க்குள்தான். பழைய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தது. அதில் இதே தூரம் போயிருந்தால் அறுபதாயிரம் ஆகியிருக்கும்.

உண்மையான பாடு பிளக் பாயிண்டில்தான். எங்கள் குடியிருப்பில் பொது மீட்டரிலிருந்து எடுக்க அனுமதி இல்லை. மூன்றாவது மாடியிலிருக்கும் எங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வயர் இழுத்து, தனி எம்சிபி (கோளாறு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்), 15 ஆம்ப் பிளக், மழை படாமல் ஒரு பெட்டி. தீப்பிடிக்கும் என்று பயந்தவர்களிடம் எலக்ட்ரீஷியனை வைத்தே விளக்கிச் சம்மதம் வாங்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அலுவலகத்தில்தான் சார்ஜ்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். முந்தின நாள் மாலையே வண்டியை எதிர் வீட்டு உயரமான போர்ட்டிகோவில் ஏற்றி நிறுத்திவிட்டோம். எங்கள் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு வண்டியில் இருந்த 41 சதவீதத்தில்தான் பாலுக்கும் மாத்திரைக்கும் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டியது மறக்காது. அன்றிலிருந்து மழை அறிவிப்பு வந்தால் மட்டும் நூறுக்கு ஏற்றி வைக்கிறேன்.

என் மனக்குறை சர்வீஸ்தான். இரண்டாம் வருடம் ஒரு காலை டிஸ்ப்ளே கறுத்துப்போனது, வண்டி நகரவில்லை. தெருமுனை மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "நட்டு போல்ட்டுன்னா நான் பாத்துருவேன்க்கா. இது கம்ப்யூட்டர், அவங்கதான் வரணும்" என்றார். பதினைந்து வருடமாக எங்கள் வண்டிகளைப் பார்த்தவர். சர்வீஸ் சென்டரில் பாகம் வர 19 நாள் ஆனது. வாரண்டியில் இருந்ததால் அந்தப் பாகத்துக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் அந்த 19 நாளில் ஆட்டோவுக்குக் கொடுத்ததை யாரிடம் கேட்பது? பெட்ரோல் வண்டி இப்படி ஒருநாளும் என்னை நிறுத்தி வைத்ததில்லை.

மற்றபடி செலவு குறைவு. பின் டயர் 21,000 கிலோமீட்டரில் மாற்றினேன். ஆக்ஸிலேட்டரை விட்டாலே மோட்டார் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் பேட் மெதுவாகத்தான் தேய்கிறது. ஆயில் மாற்றும் வேலையே இல்லை. வேளச்சேரி நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் சூடு காலில் அடிக்காதது தினமும் கிடைக்கும் நிம்மதி.

மூன்று வருட வாரண்டி 2025 ஜூனில் முடிந்தது. பணம் கட்டிப் பேட்டரிக்கு நீட்டித்துக்கொண்டேன். போன வாரம் அலுவலகத்தில் ஒரு தங்கை எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டாள். மாடல் அப்புறம், உன் வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது, பக்கத்து சர்வீஸ் சென்டரில் எத்தனை வண்டி பாகத்துக்காகக் காத்துக் கிடக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு வா என்றேன். சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே போகிறோம்.