கிட் கிளைகளை இணைப்பது: நீண்ட காலப் பயன்பாட்டில் எனக்கு நிலைத்த வழிகள்

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டை (Git) பல ஆண்டுகளாகத் தினமும் பயன்படுத்துகிறேன். அதில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; தனியாக ஓடும் கமிட் வரிசை ஒரு கிளை. ஒரு கிளையை இணைக்க மெர்ஜா (இரு கிளைகளையும் ஒரு புதிய கமிட்டில் சேர்ப்பது), ரீபேஸா (நம் கமிட்களை மற்றொரு கிளையின் மேல் மீண்டும் அடுக்குவது), ஸ்குவாஷா (கிளையின் கமிட்களை ஒன்றாகச் சுருக்கிச் சேர்ப்பது) என்று யாராவது கேட்டால், முதலில் அந்தக் கிளை எத்தனை நாள் உயிரோடு இருக்கப்போகிறது என்று கேட்பேன்.

ஓரிரு நாளில் முடிந்து அழிக்கப்படும் கிளைக்கு ஸ்குவாஷ் மிக நல்லது. முதன்மைக் கிளையான மெயினில் ஒரே கமிட் விழும். வேண்டாமென்றால், மாற்றத்தைத் திரும்பப் பெறும் ஒரே ரிவெர்ட்டில் நீங்கிவிடும்.

ஆனால் வெளியீட்டுக் கிளை போல நெடுங்காலம் தொடரும் கிளைகளுக்கு ஸ்குவாஷ் கூடவே கூடாது. இரு கிளைகளுக்கும் பொதுவான கடைசி மூதாதைக் கமிட்டைக் கண்டுபிடித்து, அதன் பிறகு இரு பக்கமும் மாறியதை ஒப்பிட்டுத்தான் கிட் இணைக்கிறது. மெர்ஜ் கமிட்டில் இரு பெற்றோரும் (இணைந்த இரு கிளைகளின் கடைசிக் கமிட்களும்) பதிவாவதால், அடுத்த முறை அந்தப் பொதுப்புள்ளி முன்னால் நகர்ந்திருக்கும். ஸ்குவாஷில் அந்த உறவே பதிவாவதில்லை. பொதுப்புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் ஒவ்வொரு வெளியீட்டிலும் அதே கோப்புகளில் அதே மோதல்கள் (ஒரே இடத்தை இரு பக்கமும் வெவ்வேறாக மாற்றியதால் கிட் தானே இணைக்க முடியாதவை) வந்துகொண்டிருந்தன. மெர்ஜுக்கு மாறிய பிறகுதான் அவை நின்றன.

ரீபேஸை நான் மட்டும் தொடும் கிளையில் தயங்காமல் செய்கிறேன். கமிட்களின் அடையாள எண்கள் மாறிவிடும் என்பதால், பிறர் எடுத்து வேலை செய்யும் கிளையில் அதைத் தொடுவதில்லை. ரீபேஸ் முடித்தபின், எப்போதும் ஒரு மெர்ஜ் கமிட்டை உருவாக்கும் 'நோ-எஃப்எஃப்' (--no-ff) விருப்பத்துடன் மெயினில் இணைப்பேன். பிழை எந்த இணைப்பில் நுழைந்தது என்று தேடும்போது இதன் அருமை தெரியும்: கமிட் வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துப் பிழையைத் தேடும் பைசெக்ட் கட்டளை, கிட் 2.29 முதல், முதல் பெற்றோர் (மெயின் பக்கம்) வழியாக மட்டுமே தேடவும் இடம் தருகிறது.

எல்லோரும் இயக்கிவைக்க வேண்டிய அமைப்புகள் இரண்டு. மோதல் காட்டும் பாணியை 'இஸட்டிஃப்3' (zdiff3) ஆக்கினால் (கிட் 2.35 முதல் உண்டு) இரு பக்கத்தோடு மூல வரிகளும் தெரியும், யார் எதை மாற்றினார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 'ரெரெரெ' (rerere) ஒருமுறை தீர்த்த மோதலை நினைவில் வைத்து மறுமுறை தானே தீர்க்கும். தவறான தீர்வையும் அப்படியே நினைவில் வைக்கும் என்பதால், அதை மறக்கச் செய்யும் கட்டளையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

மோதலில் நம் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் 'அவர்ஸ்' (ours) விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். மெர்ஜில் அதை விருப்பமாகக் (-X ours) கொடுத்தால் மோதும் இடங்களில் மட்டும் நம் பக்கம் வெல்லும். உத்தியாகக் (-s ours) கொடுத்தால் மறுபக்கத்தின் மாற்றங்கள் அத்தனையும் சத்தமின்றிக் கைவிடப்படும். ரீபேஸின்போதோ அர்த்தம் தலைகீழ்: அங்கே 'அவர்ஸ்' என்பது நாம் எதன்மேல் அடுக்குகிறோமோ அந்தப் பக்கம். அதனால் ரீபேஸ் மோதல்களில் கோப்பைத் திறந்து, கையால்தான் தீர்க்கிறேன்.