12 வோல்ட்டில் ஓடும் பிஓஇ ஸ்விட்ச்: கேமரா வேலைக்கு எவ்வளவு நம்பலாம்?

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுத்தால் போதும், கேமராவுக்கு வேண்டிய 48 வோல்ட்டை ஸ்விட்ச்சே தயாரித்துக்கொள்ளும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் இந்த பிஓஇ ஸ்விட்ச்சுகளை விற்பவர்கள் சொல்வது இதுதான், சொல்வது பொய்யுமில்லை. சோலார் கம்பம், வண்டி, மெயின் லைன் எட்டாத கேட் ஆகிய இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் "8 போர்ட், 120 வாட்" என்பதை மட்டும் பார்த்து வாங்கினால், இருட்டியதும் படம் அறுபடத் தொடங்கும். பார்க்க வேண்டிய எண் வேறு. லோடு உச்சத்தில் இருக்கும்போது ஸ்விட்ச்சின் டெர்மினலில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதே இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் இதன் பலம். பேட்டரி, இன்வெர்ட்டர், அதன் பின் 48 வோல்ட் அடாப்டர் என்று போகும் பழைய வழியில் மின்சாரம் இரண்டு முறை மாறுகிறது, இரண்டு முறையும் கழிவு. இன்வெர்ட்டரில் 88 சதவீதம், அடாப்டரில் 87 சதவீதம் தேறினால் கடைசியில் கிடைப்பது சுமார் 76 சதவீதம்தான். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10 வாட்டுக்கு மேல் தின்பதும் உண்டு. வோல்ட்டை ஏற்றித் தரும் நல்ல பூஸ்ட் சுற்று உள்ள டிசி ஸ்விட்ச்சில் 90 சதவீதம் வரை தேறும். சோலாரில் இந்த வித்தியாசம் ஒரு பேனலையே மிச்சப்படுத்தலாம்.

கடையில் "டிசி பிஓஇ ஸ்விட்ச்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் விற்கின்றன. முதலாவது பேசிவ் வகை. உள்ளே வரும் 12 அல்லது 24 வோல்ட்டை அப்படியே 4-5, 7-8 பின்களில் தள்ளிவிடும். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஓடும் கேமரா இதில் எழாது. பிஓஇ ஏற்காத கருவியைச் செருகினால் அது கெடவும் வாய்ப்புண்டு. கண்டுபிடிப்பது எளிது. காலி போர்ட்டில் அந்தப் பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். விடாமல் 12 அல்லது 24 வோல்ட் நின்றால் பேசிவ். முறையான ஏஎஃப் ஸ்விட்ச், மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் அடையாள ரெசிஸ்டர் தெரியும்வரை 10 வோல்ட்டுக்கு உட்பட்ட சோதனைத் துடிப்பை மட்டுமே அனுப்பும். கேமரா வேலைக்குப் பேசிவ் வகை வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வகைக்கு 48 வோல்ட் வெளியிலிருந்து வர வேண்டும். அதை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே போர்ட்டுக்கு விடும். 53 அல்லது 54 வோல்ட்டில் நிலையாக நிற்கும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை கொடுத்தால் அருமையாக வேலை செய்யும், சூடும் குறைவு. நேராகப் பேட்டரியில் மாட்டும்போதுதான் வினை. ஏஎஃப் போர்ட்டில் 44 முதல் 57 வோல்ட் வரைதான் இருக்கலாம். 30 வாட் தரும் 802.3ஏடி போர்ட்டுக்குக் குறைந்தபட்சமே 50 வோல்ட். நான்கு லெட்-ஆசிட் பேட்டரியைத் தொடராகக் கட்டினால் தீர்ந்த நிலையில் 42, சார்ஜ் ஏறும்போது 57.6. இரண்டு பக்கமும் எல்லை தாண்டுகிறது. 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக் 58.4 வரை போகும். 15 செல் பேக் 54.75-இல் நிற்பதால் மேல் எல்லைக்குள் அடங்கும்.

மூன்றாவதுதான் உண்மையான பூஸ்ட் ஸ்விட்ச். 9–36 அல்லது 12–57 என்று அகலமான உள்ளீடு, உள்ளே 53 வோல்ட்டுக்கு ஏற்றும் சுற்று. காசு கொடுக்கத் தகுந்தது இது. வாங்கும் முன் டேட்டாஷீட்டில், 12 வோல்ட்டில் எத்தனை வாட் தரும் என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள். 24 வோல்ட்டில் 120 வாட் தரும் ஸ்விட்ச், 12 வோல்ட்டில் 60 வாட் மட்டுமே தருவது இந்த வகையில் சகஜம். அந்த வரியே இல்லாத டேட்டாஷீட் என்றால், 12 வோல்ட் வேலைக்குப் பாதி வாட்தான் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இனி கணக்கு. இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது கேமராவுக்கு 7 வாட் வீதம் 8 கேமரா, 56 வாட். 90 சதவீதத் திறன் என்றால் 62 வாட் உள்ளே வர வேண்டும். ஸ்விட்ச்சின் சொந்தச் செலவு 5 வாட் சேர்த்து 67. பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் 10 மீட்டர், 1.5 ஸ்கொயர் (சதுர மிமீ) செம்பு ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 20 மீட்டருக்கு 0.242 ஓம். பூஸ்ட் சுற்று எப்போதும் அதே வாட்டை இழுக்கும். வோல்ட் இறங்கினால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். அதனால் 67-ஐ 12-ஆல் வகுத்து வரும் 5.6 ஆம்பியரில் இது நிற்காது. 6.4 ஆம்பியர் ஓடி, ஒயரிலேயே 1.55 வோல்ட் போய், டெர்மினலுக்கு 10.45 தான் வந்து சேரும். 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் 11.46 கிடைக்கும். அதே 1.5 ஸ்கொயர் ஒயரில் 24 வோல்ட் கொடுத்தால் இழப்பு வெறும் 0.7 வோல்ட்.

இந்தக் கணக்கைத் தவறவிட்ட இடத்தில் பொழுது சாயும்போது நடப்பதைக் கவனியுங்கள். பகலெல்லாம் பிரச்சினையே இருக்காது. வெளிச்சம் மங்கியதும் எட்டு கேமராவிலும் ஐஆர் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும், டெர்மினல் வோல்ட் சரியும், ஸ்விட்ச் தன் கீழ் எல்லையைத் தொட்டு அணையும். அணைந்த நொடியில் லோடு போய்விடுவதால் வோல்ட் மறுபடி 12-க்கு ஏறும். ஸ்விட்ச் உயிர் பெறும், கேமராக்கள் பூட் ஆகும், ஐஆர் எரியும், மறுபடி அணையும். ரெக்கார்டரில் ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகளாகப் பதிவு கிடக்கும். பழி கேமராவின் மேல் விழும், கேமராவை மாற்றுவார்கள், அடுத்த மாலை அதே கதை.

கம்பத்தில் ஏற்றும் முன் மேசையில் சோதித்தால் இந்த அலைச்சல் இல்லை. வோல்ட் மாற்றக்கூடிய பவர் சப்ளையில் ஸ்விட்ச்சை மாட்டி, எல்லாக் கேமராவையும் அமைப்பில் இரவு முறைக்கு மாற்றுங்கள். 14.4-இல் தொடங்கி 0.2 வோல்ட்டாக இறக்குங்கள். எந்த வோல்ட்டில் அணைகிறது, திரும்ப ஏற்றும்போது எதில் எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அணைவதற்கும் எழுவதற்கும் நடுவே ஒரு வோல்ட்டாவது இடைவெளி இருக்கும் ஸ்விட்ச் நல்லது. ஓரிடத்தில் அணைந்து அதே இடத்தில் எழும் ஸ்விட்ச்தான் மேலே சொன்ன சுழலில் விழும். சார்ஜ் கன்ட்ரோலரின் லோடு டெர்மினலில் மாட்டப்போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்தே சோதியுங்கள். சில கன்ட்ரோலர்கள் ஸ்விட்ச்சின் தொடக்க இழுப்பையே ஷார்ட் என்று எண்ணி வெட்டிவிடும்.

இணைப்பில் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, 5.5 மிமீ ரவுண்டு ஜாக். 5 ஆம்பியருக்கு மேல் அதை நம்பக்கூடாது, சூடாகி இளகும். ஸ்க்ரூ டெர்மினல் உள்ள ஸ்விட்ச்சையே வாங்குங்கள். மற்றது ஒயர் முனை. பல இழை ஒயருக்கு ஈயம் வைத்து ஸ்க்ரூவில் இறுக்கும் பழக்கம் இங்கே கெடுதல். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்து இணைப்பு சுடும், வோல்ட் இன்னும் இறங்கும். ஃபெரூல் (ஒயர் முனைக்கான உலோகக் குழல்) போட்டு க்ரிம்ப் செய்து இறுக்குங்கள். மேலே சொன்ன லோடுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் சரி, அதன் இடம் பேட்டரியை ஒட்டி. ஸ்விட்ச் பக்கம் வைத்த ஃபியூஸ் நடுவே இருக்கும் ஒயரைக் காப்பாற்றாது.

சூட்டை லேசாக நினைக்க வேண்டாம். பூஸ்ட் கழிவு 6 வாட், சொந்தச் செலவு 5 வாட், ஆக 11 வாட் மூடிய பெட்டிக்குள் வெப்பமாக நிற்கும், வெளியே வெயில் வேறு. 40 டிகிரி வரை என்று போட்ட ஸ்விட்ச் இதைத் தாங்காது. 75 டிகிரி வரை போட்டதை எடுங்கள். 250 மீட்டர் போகும் என்கிற எக்ஸ்டெண்ட் பொத்தான் வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கித்தான் அதைச் சாதிக்கிறது. ஒரு கேமராவின் 4 மெகாபிட் ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் அந்தத் தூரத்துக்கு மின்சாரம் போய்ச் சேராது.

எதை எடுப்பது? 4 கேமரா வரை, ஒயர் 3 மீட்டருக்குள் என்றால் 12 வோல்ட் பூஸ்ட் ஸ்விட்ச் தாராளமாகப் போதும். 8 கேமரா அல்லது ஒரு பிடிஇசட் (சுழன்று ஜூம் செய்யும்) கேமரா சேர்ந்தால் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24-க்குப் போங்கள். அதே ஸ்விட்ச் அங்கே முழுத் திறனில் ஓடும். 16 போர்ட் வேண்டுமென்றால் 54 வோல்ட் சப்ளையோடு இரண்டாவது வகை. எதை எடுத்தாலும் ஃபைபர் மாட்டுவதற்கான எஸ்எஃப்பி போர்ட் ஒன்று இருப்பதை வாங்கி, கம்பத்திலிருந்து கட்டடத்துக்கு ஃபைபர் இழுங்கள். இடி இறங்கும்போது செம்புக் கேபிள் வழியாக ரெக்கார்டர் வரை அடி பாய வழி இருக்காது.