இடுப்பு ஏவிஎன், தினம் ஒரு ஊசி, மே மாதத் திருச்சி

என் கணவருக்கு இடது இடுப்பில் ஏவிஎன். தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகும் நோய். குடி கிடையாது, ஸ்டீராய்டும் எடுத்ததில்லை. சோதித்ததில் ஃபேக்டர் ஃபைவ் லைடன், அதாவது ரத்தம் எளிதில் உறைந்துவிடும் பரம்பரைக் குறைபாடு, தெரிந்தது. நம்மவர்களிடம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. எலும்புக்குள் ஓடும் சிறு சிரைகளில் ரத்தம் உறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது ரத்தம் வருவது நின்றுவிடுமாம்.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் மருத்துவர் சார்லஸ் குளூக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பின்பற்றி, ஃபிராங்ஃபர்ட் மருத்துவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி எழுதினார்: தினம் 60 மில்லிகிராம், 12 வாரம். பந்துமுனை அமுங்குவதற்கு முந்தைய நிலைகளுக்குத்தான் இது. ஸ்டீராய்டால் வந்த ஏவிஎன்னுக்கு அந்த ஆய்விலேயே பெரிய பலன் இல்லை. எல்லா மருத்துவர்களும் ஏற்றுக்கொண்ட சிகிச்சையும் அல்ல.

இதற்கு நடுவில்தான் ஊருக்கு, திருச்சிக்குப் போனோம். மருத்துவர் கடிதத்தோடு ஊசிகளைக் கைப்பையில் வைத்திருந்ததால் விமான நிலையத்தில் தொல்லை இல்லை. 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் ஏசி அறை அலமாரியில் வைத்தோம். கையிருப்பு தீர்ந்தபோது தெருமுனை மெடிக்கலில் "60 இல்லைங்க, 40 இருக்கு, தரட்டுமா?" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். தில்லைநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில், அங்கேயே ஒரு மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கியதும் கொடுத்தார்கள்.

லேப் சேவைக்குக் குறையே சொல்ல முடியாது. காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆரும் பார்க்கலாமா என்றார்கள். இந்த ஊசிக்கு அது தேவையில்லை, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத்தான்.

பயந்தது ஒரே இடத்தில்தான். வலி கூடிய ஒரு நாள் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். என்ன மருந்து எடுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸ் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு, "சார், திரும்பிப் படுங்க" என்றார். "சிஸ்டர், போடாதீங்க, ரத்தம் உறையாம இருக்க தினமும் ஊசி போட்டுக்கிறார்" என்று கையைப் பிடித்துவிட்டேன். தசையில் போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டும். வயிற்றிலும் ரத்தக்கசிவு வரலாம். மருத்துவர் வந்து கேட்டதும் பாராசிட்டமாலாக மாற்றினார். அன்றே தினசரி ஊசி மருந்தின் பெயர், அளவு, 'தசை ஊசி கூடாது' என்று தமிழில் எழுதிக் கணவரின் பர்ஸில் வைத்தேன். ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

போட்டு முடித்த ஊசிகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தெருவில் குப்பை பிரிக்கும் அக்கா கையுறைகூடப் போடுவதில்லை. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து லேப்பில் கேட்டோம். தங்களுடைய வெள்ளை ஊசிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள், காசு வாங்கவில்லை.