ஓடுகிற டிஸ்க்கை அகலப்படுத்த எது நல்லது: ஸ்கிரிப்டா, டெராஃபார்மா, ஆன்சிபிளா?

செங்கோட்டைக்காரர்களிடம் பாதையை அகலப்படுத்துவது பற்றிப் பேசினால் ஒரு பெருமூச்சு வரும். மலைக்குள் புனலூர் வரை போகும் மீட்டர் கேஜ் லைனை 2010இல் மூடினார்கள், அகலப்பாதையாகி மறுபடி முழுசாக ரயில் ஓடியது 2018இல். அதுவரை ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போக பஸ்தான் கதி. அதற்கிடையில், 2017 பிப்ரவரியில், அமேசானின் க்ளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ் (கம்ப்யூட்டர்களை இணையம் வழியாக வாடகைக்குத் தருகிறவர்கள்) தன் இபிஎஸ் வால்யூம்களை, அதாவது அந்த வாடகை மெஷின்களில் மாட்டுகிற டிஸ்க்குகளை, மெஷினிலிருந்து கழற்றாமலே பெரிதாக்கலாம், வகையை மாற்றலாம், ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற எண்) கூட்டலாம் என்று அறிவித்தது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டவாளத்தை அகலப்படுத்துவது மாதிரி! நம்பத்தான் சிரமமாக இருந்தது, ஆனால் வேலை செய்கிறது. அதை எந்தக் கருவி வழியாகச் செய்வது என்பதில்தான் நம் ஆட்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தலைப்பில் உள்ள மூன்றோடு குபர்நெட்டிஸையும் சேர்த்து நாலு வழியையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன், ஒரு வழியில் நன்றாக மாட்டியும் இருக்கிறேன்.

முதலில் மாட்டிய கதை. பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்து மண்டிகளிலிருந்து புளியரை தாண்டிக் கேரளா போகிற காய்கறி லோடுகளுக்கு ஒரு பில்லிங் மென்பொருளை நானும் புனலூரில் இருக்கும் ஒரு மலையாள நண்பரும் பார்த்துக்கொள்கிறோம். எடைச்சீட்டைப் போனில் படம் பிடித்து ஏற்றுவார்கள், கணக்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கும், எல்லாமே இயங்குதளம் இருக்கிற ஒரே ரூட் டிஸ்க்கில் (சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன்). 100 ஜிபி, ஜிபி2 வகை. தமிழில் எழுதினால் இது ஒரு தொல்லை: ஜிபி2, ஜிபி3 என்பவை வால்யூம் வகைகளின் பெயர்கள், அளவு இல்லை. ஓணத்துக்கு முந்தைய வாரம் வழக்கத்தைவிடப் பல மடங்கு லோடு போகும். அப்படி ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மண்டியிலிருந்து அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, பில்லு ஏறவே மாட்டேங்குது, லாரி வேற நிக்குது, என்னன்னு பாருங்க."

டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது, போஸ்ட்கிரெஸ் எழுத இடமில்லாமல் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் கைக்கு வந்தது பைதான் ஸ்கிரிப்ட். போட்டோ3 (boto3, படம் இல்லை) என்ற நூலகத்தில் மாடிஃபை வால்யூம் என்று ஒரு அழைப்பு, வால்யூம் ஐடியும் புதிய அளவும் கொடுத்தால் முடிந்தது. கஞ்சத்தனமாக 120 கொடுத்தேன். சில நொடிகளில் நிலை 'மாடிஃபையிங்' என்பதிலிருந்து 'ஆப்டிமைசிங்' ஆகிவிட்டது. அந்த நிலைக்கு வந்தாலே புதிய இடத்தைப் பயன்படுத்தத் தொடங்கலாம், 'கம்ப்ளீட்டட்' வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வேகத்துக்கு ஸ்கிரிப்டை அடிக்க ஆளே இல்லை. அதே அழைப்பில் டிரை ரன் என்ற வசதியும் உண்டு, ஆனால் அது உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துச் சொல்லும், செய்யப்போவது சரியா தப்பா என்று சொல்லாது.

ஆனால் வால்யூம் பெரிதாவது பாதி வேலைதான். உள்ளே போய் டிஸ்க் அளவைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளை போட்டால் 120, ஃபைல் சிஸ்டத்தின் அளவைக் காட்டும் டிஎஃப் போட்டால் அதே பழைய 100. பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதி) க்ரோபார்ட் கொண்டு விரிக்க வேண்டும், அப்புறம் அதில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டத்தை விரிக்க வேண்டும்: எக்ஸ்ட்4 என்றால் ரிசைஸ்2எஃப்எஸ், அதற்கு டிவைஸ் பெயர் கொடுக்க வேண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ், அதற்கு மவுண்ட் பாயிண்ட், அதாவது டிஸ்க் இணைந்திருக்கும் அடைவு. இரண்டையும் மாற்றிக் கொடுத்து விழிக்காதவர்கள் குறைவு. நான் அங்கே வரவே இல்லை, க்ரோபார்ட்டே ஓடவில்லை! அது தன் தற்காலிகக் கோப்பை டெம்ப் அடைவில் வைக்கப் பார்க்கிறது, அங்கே ஒரு எழுத்து எழுதக்கூட இடமில்லை. இடம் கூட்டுவதற்கே இடம் வேண்டும். டெம்ப் மேல் டெம்ப்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்து, அதாவது ரேமில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பிறகுதான் வேலை நடந்தது. தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம். அண்ணாச்சி அதற்குள் நாலு முறை கூப்பிட்டுவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் ஸ்கிரிப்டுக்கே மாலை போட்டிருப்பேன். இரண்டு மணிக்கு எல்லாம் ஆமை வேகமானது. ஜிபி2 வகையில் ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ்தான் நிரந்தரம், ஆகவே 120 ஜிபிக்கு 360. சின்ன வால்யூம்கள் 3000 வரை பாயும், ஆனால் அது சேமித்து வைத்த கிரெடிட்டில் ஓடுவது. தேங்கிக்கிடந்த படங்கள் எல்லாம் ஒன்றாக ஏறியதில் கிரெடிட் காலி. சரி, ஜிபி3 வகைக்கு மாற்றிவிடுவோம் என்று அதே ஸ்கிரிப்டை ஓட்டினால் மறுப்பு: ஒரு வால்யூமை ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. விடியற்காலை ஐந்தரைக்கு லாரியெல்லாம் ஆரியங்காவு தாண்டியிருக்கும். அளவையும் வகையையும் ஒரே அழைப்பில் மாற்ற முடியும் என்பதுதான் எரிச்சலின் உச்சம். ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். ஸ்கிரிப்டின் குறை இதுதான்: நீங்கள் அவசரப்பட்டால் அதுவும் கூடவே அவசரப்படும்.

இப்போது டெராஃபார்ம்: எந்த மெஷின், எந்த டிஸ்க், என்ன அளவு என்று கோடில் எழுதிவைத்தால் நிஜத்தை அதன்படி மாற்றும் கருவி. பிளான் என்றால் என்ன மாறும் என்று காட்டும், அப்ளை என்றால் மாற்றும். மறுநாள் மத்தியானம் புனலூர்க்காரர், நடந்தது தெரியாமல், வேறு ஏதோ ஒரு ஃபயர்வால் விதிக்காக பிளான் ஓட்டினார். கோடில் 100, நிஜத்தில் 120. அதனால் டெராஃபார்ம், "120ஐ 100 ஆக்கப் போகிறேன்" என்று சாதுவாக ஒரு வரி காட்டியது. அவர் கவனிக்காமல் அப்ளை கொடுத்தார். நல்லவேளை, இபிஎஸ்ஸில் வால்யூமைச் சின்னதாக்கவே முடியாது, ஏடபிள்யூஎஸ்ஸே பிழை சொல்லி நிறுத்தியது. எங்களைக் காப்பாற்றியது டெராஃபார்ம் இல்லை, ஏடபிள்யூஎஸ்ஸின் மறுப்பு.

இதே கூத்து கூகுள் க்ளவுடில் நடந்திருந்தால்? அங்கேயும் டிஸ்க்கைச் சின்னதாக்க முடியாது. ஆனால் அதற்கான டெராஃபார்ம் புரொவைடர் (அந்த க்ளவுடோடு பேசும் இணைப்புத் துண்டு), அளவு குறைந்திருப்பதைப் பார்த்தால், பழைய டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கத் திட்டம் போடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது இதுதான். டெராஃபார்மைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை, கோடில் எழுதியது நடக்க அது ஒன்றுதான் வழி. பிளானில் 'ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மெண்ட்' என்று ஒரு குறிப்பு இருக்கும், படிக்கிறவனுக்குத்தான் அது பயன்.

ஏடபிள்யூஎஸ்ஸிலும் இந்தப் பள்ளம் இல்லாமல் இல்லை. அளவு, வகை, ஐஓபிஎஸ், த்ரூபுட் (நொடிக்கு எத்தனை எம்பி) ஆகியவற்றைத் தனி இபிஎஸ் வால்யூமில் மாற்றினால் இருக்கிற இடத்திலேயே மாறும். என்கிரிப்ஷனை (டேட்டாவைப் பூட்டி வைப்பது) ஆன் செய்தால், அல்லது அவைலபிலிட்டி சோனை (டிஸ்க் இருக்கும் டேட்டா சென்டர் பகுதி) மாற்றினால், பழசு போய்ப் புது வால்யூம் வரும், அதுவும் காலியாக. அதனால் டேட்டா இருக்கும் எந்த வால்யூமுக்கும் அழிப்பதைத் தடுக்கும் ப்ரிவெண்ட் டெஸ்ட்ராய் என்ற வரியைப் போட்டுவிடுங்கள். ஆனால் அதை முழுசாக நம்பாதீர்கள், கோடிலிருந்து அந்த ரிசோர்ஸ் துண்டையே யாராவது தூக்கிவிட்டால் காவல்காரனும் அதோடு போய்விடுவான்.

இவ்வளவு திட்டினாலும் எனக்குப் பிடித்தது டெராஃபார்ம்தான். மாற்றத்துக்கு முன் என்ன நடக்கும் என்று காட்டுகிற பழக்கம் அதற்கு மட்டும்தான் ரத்தத்தில் இருக்கிறது. நான் ராத்திரி பதினொரு மணிக்குச் செய்ததை அன்றே கோடில் ஒரு எண்ணாக எழுதியிருந்தால் மறுநாள் நாடகம் இல்லை. குறை என்று சொன்னால், வால்யூமைப் பெரிதாக்கியதோடு அது கை கழுவிவிடும். மெஷினுக்குள் பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் எதையும் தொடாது. ரூட் டிஸ்க் என்றால் ரீபூட் செய்தால் போதும், பெரும்பாலான உபுண்டு, அமேசான் லினக்ஸ் இமேஜ்களில் க்ளவுட்-இனிட் என்ற தொடக்க மென்பொருள் தானே விரித்துவிடும். டேட்டா டிஸ்க்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மெஷினுக்குள் போய் வேலைகளை வரிசையாகச் செய்யும் கருவியான ஆன்சிபிள் அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. வால்யூமைப் பெரிதாக்குவது, பார்ட்டிஷனை விரிப்பது, ஃபைல் சிஸ்டத்தை விரிப்பது, மூன்றையும் ஒரே பிளேபுக்கில் வரிசையாக எழுதலாம். ஃபைல்சிஸ்டம் மாட்யூலில் ரிசைஸ்எஃப்எஸ் என்று கொடுத்தால் எக்ஸ்ட்4ஆ எக்ஸ்எஃப்எஸ்ஸா என்று அதுவே பார்த்துக்கொள்ளும், டிவைஸா மவுண்ட் பாயிண்டா என்ற குழப்பம் இல்லை. இரண்டாவது முறை ஓட்டினாலும் பாதகமில்லை. ஒரு சின்ன பொறி: வால்யூமைக் கையாளும் இசி2 வால் மாட்யூலில் மாடிஃபை வால்யூம் என்பதை ட்ரூ என்று கொடுக்காவிட்டால் புதிய அளவைக் கண்டுகொள்ளாது, பச்சை நிறத்தில் 'ஓகே' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நான் அரை மணி நேரம் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கலாம், குறை சொல்ல முடியாது.

பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் குபர்நெட்டிஸ் பற்றிச் சுருக்கமாக. பிவிசியில் (அதில் டிஸ்க் கேட்கும் விண்ணப்பம்) அளவைக் கூட்டினால் வெளியே வால்யூமும் உள்ளே ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே பெரிதாகும், நாலில் மிக அழகான வழி இது. 2022இல் வந்த 1.24 பதிப்பிலிருந்து நிலையான வசதி. ஸ்டோரேஜ் கிளாஸில் (டிஸ்க் வகையின் விவரம்) விரிவாக்க அனுமதி இருக்க வேண்டும், டிஸ்க்கின் டிரைவரும் அதற்கு ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேட்ஃபுல்செட் (தனித்தனி டிஸ்க் வைத்து ஓடும் பாட்களின், அதாவது கன்டெய்னர் குழுக்களின், தொகுப்பு) என்றால் மட்டும் தலைவலி: அதன் டெம்ப்ளேட்டில் அளவை மாற்ற விடாது, ஒவ்வொரு பிவிசியையும் தனியாக மாற்றிவிட்டு, பாட்கள் சாகாமல் ஸ்டேட்ஃபுல்செட்டை மட்டும் அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். ஏற்கெனவே குபர்நெட்டிஸில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். காய்கறி மண்டிக்காக யாரும் அதற்குள் இறங்காதீர்கள்.

மைக்ரோசாஃப்டின் அஸூர் க்ளவுடில் கதை கொஞ்சம் வேறு. டேட்டா டிஸ்க்கை மெஷின் ஓடும்போதே பெரிதாக்கலாம், ஆனால் எல்லா நிலைமையிலும் இல்லை; 4 டிபிக்குள் இருக்கும் சாதாரண டிஸ்க்கை அந்த எல்லை தாண்டிக் கொண்டுபோக மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பிரீமியம் எஸ்எஸ்டியில் காசும் படிப்படியாகத்தான்: 128, 256, 512 என்று அடுக்கு, 130 ஜிபி கேட்டாலும் 256க்கான பில்தான் வரும்.

அளவைக் கூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது இடமா, வேகமா? ஜிபி2 காலத்தில் 3000 ஐஓபிஎஸ் நிரந்தரமாக வேண்டுமென்றே 50 ஜிபி டேட்டாவுக்கு 1000 ஜிபி வால்யூம் வாங்கிவைத்தவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 எந்த அளவிலும் 3000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 எம்பி தருகிறது, விலையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வர்ஜீனியா விலையில் ஒரு ஜிபிக்கு மாதம் 10 சென்ட் இருந்தது 8 சென்ட் ஆனது. ஒரே ஜாக்கிரதை: 334 ஜிபிக்கு மேற்பட்ட ஜிபி2 நொடிக்கு 250 எம்பி வரை தரும், ஆகவே ஸ்னாப்ஷாட்டிலிருந்து (வால்யூமை அப்படியே எடுத்துவைத்த நகல்) புதிதாக ஜிபி3 உருவாக்கும்போது த்ரூபுட்டை எழுதாமல் விட்டால் பாதிதான் கிடைக்கும். ஆப்டிமைசிங் நடக்கும்போதும் வேகம் பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில்தான் இருக்கும், நிறைந்த 1 டிபி வால்யூமுக்கு அது சுமார் 6 மணி நேரம் இழுக்கலாம்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி. டேட்டா தனி வால்யூமில், அது டெராஃபார்மில், ப்ரிவெண்ட் டெஸ்ட்ராயுடன். அளவை மாற்றுவது கோடில்தான், உள்ளே விரிப்பது ஆன்சிபிள். ராத்திரி அவசரத்துக்கு அந்தப் பழைய ஸ்கிரிப்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் திருத்தியது: முதலில் ஸ்னாப்ஷாட் எடுக்கும், அளவையும் வகையையும் சேர்த்தே கேட்கும், முடிந்ததும் டெராஃபார்ம் கோடில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று புனலூர்க்காரருக்கும் எனக்கும் செய்தி அனுப்பும். அளவை முழுக்க ஸ்கிரிப்ட்தான் கூட்டிக்கொண்டே போகும் என்றால் டெராஃபார்மில் அளவுக்கு மட்டும் இக்னோர் சேஞ்சஸ் (இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்ற வரி) போடுகிற வழியும் உண்டு. இரண்டு பேரும் ஒரே ஸ்டியரிங்கைப் பிடிப்பதைவிட அது மேல்.

ஓணம் முடிந்து பழைய படங்களை எல்லாம் மலிவான எஸ்3 கோப்புக் கிடங்குக்குத் தள்ளியபோது, 300 வரை வளர்ந்திருந்த அந்த வால்யூமில் 70 ஜிபி டேட்டாதான் மிச்சம். நாலு கருவியில் எதைக் கேட்டாலும் சின்னதாக்க முடியாது, எக்ஸ்எஃப்எஸ்ஸே சுருங்காது. மண்டி லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை 120 ஜிபியில் புது வால்யூம் போட்டு, போஸ்ட்கிரெஸ்ஸை நிறுத்தி, ஆர்சிங்க்கில் காப்பி எடுத்து, மவுண்டை மாற்றினேன். பழையதை ஒரு வாரம் கழற்றி வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் அழித்தேன். அதற்கு முன்னால் ப்ரிவெண்ட் டெஸ்ட்ராய் வரியை நானே என் கையால் எடுக்க வேண்டியிருந்தது, கொஞ்சம் கை நடுங்கியது என்பது நிஜம்.